வெளிறிய பிரதி

பசையை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. பசை என்பது நான் வைத்த பெயர். என் மகளோடு படிக்கிறவள். கல்லூரியில் ஒட்டினாள், பேருந்தில் ஒட்டினாள், கடைசியில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் வந்து ஒட்டிக்கொண்டாள். தடித்த கண்ணாடி, ஓயாத வாய். போதாததற்கு என்னை "அப்பா" என்று கூப்பிடுவாள். நான் என்ன ஊருக்கெல்லாம் அப்பாவா?

எனக்கு ஜெராக்ஸ் கடை. பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே, மாடிப்படிக்கு அடியில், இரண்டு மெஷினும் ஒரு முக்காலியும். படித்தது ஐந்தாவது. ஆனால் நான் எடுத்துத் தள்ளிய பாடத்தில் பாதியைக் கூட எந்தப் பேராசிரியரும் படித்திருக்க மாட்டார். மகளுக்கு நான்கு வயதில் அவள் அம்மா போய்விட்டாள். அதற்கப்புறம் மெஷின் சூட்டில்தான் பிள்ளை வளர்ந்தது. பள்ளிக்கூடத்தில் யார் கிள்ளினார்கள், எந்த டீச்சருக்குப் பல் ஆடுகிறது, எல்லாம் என்னிடம்தான் சொல்வாள். கணிதம் படிக்கப் போனதும் பேச்சு குறைந்தது. பசை வந்ததும் நின்றே போனது.

முதுகலை கணிதத்துக்கு ஒரு நுழைவுத் தேர்வு. இடம் முப்பது, எழுதுகிறவர்கள் ஆயிரக்கணக்கில். போன வருடம் மகள் நூலிழையில் விட்டாள். "இந்தத் தடவையும் போச்சுன்னா படிப்பு அவ்ளோதான்பா, கடையில வந்து உக்காந்துடுறேன்" என்று சொல்லியிருந்தாள். அவள் அதை அழுதுகொண்டே சொன்னபோது எனக்கு ஓர் ஓரத்தில் இனித்தது. மறைப்பானேன்.

தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம் இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். பாடத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துச் சுருக்கி எழுதியிருந்தார்கள். எண்பத்தாறு தாள். இரண்டு செட் எடுத்து ஸ்பைரல் போட வேண்டும்.

"பாத்து எடுங்கப்பா, வரிசை மாறிடப்போகுது" என்றாள் பசை.

"நான் மெஷின்ல கை வெச்சப்போ நீ பொறந்திருக்கவே மாட்டே."

"அதான் மெஷினும் அந்தக் காலத்துதா இருக்கு."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். படியில் உட்கார்ந்து இருவரும் ஏதோ வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்கள், நடுநடுவே ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து சிரிப்பு வேறு.

"என்னத்துக்குச் சிரிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"சொன்னா உனக்குப் புரியாதுப்பா."

மகள் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத்தான் அது முள்ளாகக் குத்தியது.

மகளின் செட்டைப் புது மெஷினில் எடுத்தேன். எழுத்து கருகருவென்று விழுந்தது. பசையின் செட்டைப் பழசில் போட்டேன். அதில் டோனர் தீரும் தறுவாய், வெளிறித்தான் வரும். வரட்டுமே. மகளுடையதற்குச் சிவப்பு அட்டை, அவளுடையதற்கு நீலம்.

அப்போதுதான் நட்சத்திரங்களைப் பார்த்தேன். சில தாள்களில் தலைப்புக்குப் பக்கத்தில் ஒன்று, சிலவற்றில் இரண்டு. நான்கே நான்கு தாள்களில் மட்டும் மூன்று. கணிதம் தெரியாவிட்டாலும் நட்சத்திரம் தெரியும் எனக்கு. இதுதான் சாரம், இது என் மகள் மூளையைக் கசக்கி எழுதியது, இந்தப் பெண் நோகாமல் உறிஞ்சிக்கொண்டு போகப்போகிறாள் என்று தோன்றியது. முப்பது இடத்தில் மகளைத் தள்ளிவிட்டு இவள் போய் உட்கார்ந்துவிட்டால்? நீல செட்டிலிருந்து அந்த நான்கையும் உருவினேன். ஓட்டை போட்டேன், கம்பியைச் சுற்றினேன்.

நான் தாள்கட்டைக் கனம் பார்த்து மதிப்பவன். நான்கு தாள் குறைந்தால் விரலுக்குத் தெரியாது. ஒவ்வொரு தாளின் மூலையிலும் பொடியாக எண் போட்டிருந்தார்கள், அதை நான் பார்க்கவில்லை.

உருவிய தாள்களை எறியவும் இல்லை. பின்பக்கம் வெள்ளையாக இருக்கிற தாளை எறிந்து எனக்குப் பழக்கமில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். சாயங்காலம் வீட்டில் அதன் பின்னால் டோனர், ஸ்பைரல் கம்பி என்று மறுநாள் வாங்க வேண்டியதை எழுதினேன். உள்ளேயிருந்து மகள், "அப்பா, சமையல்கட்டு பல்பு போயிடுச்சு, எழுதிக்கோ" என்று கத்தினாள். பல்பு என்றும் எழுதினேன்.

காலை எட்டு மணிக்குத் தேர்வு மையத்தின் வாசலில் இருந்தோம். ஒன்பதுக்குத்தான் கதவு திறப்பார்கள். நடைபாதை ஓரமெல்லாம் பிள்ளைகள், மடியில் தாள்கள், உதடுகள் மட்டும் அசைந்தன. பசை எங்களுக்கு முன்பே வந்திருந்தாள், தோளில் பை, கையில் புத்தகம் இல்லை.

"உன் புக்கு எங்கடி?"

"வீட்ல. இன்னிக்கு எதையாவது தொட்டேன்னா இருக்கறதும் ஓடிடும்."

மகள் பையிலிருந்து தன்னுடையதை எடுத்தாள். நீல அட்டை.

குனிந்து அட்டையைப் பார்த்தேன். "இது அவளோடதாச்சே?"

"மாத்திக்கிட்டோம்பா. இது வெளிறிப் போயிருக்கு, அவளுக்கோ கண்ணு மோசம். நல்லா கருப்பா இருக்கறத அவகிட்ட குடுத்துட்டேன்."

தான் எழுதிய பாதியை முந்தின நாளே முடித்துவிட்டு, பசை எழுதிய பாதியைக் காலையில் பார்க்கலாம் என்று மகள் வைத்திருந்தாள். புரட்டினாள். நின்றாள். முன்னால் போனாள், பின்னால் வந்தாள்.

"ஏய், அறுபத்தொண்ணுக்கு அப்புறம் அறுபத்தாறு வருது. சைலோ தியரம் முழுசா இல்லடி."

"அப்பா, மூலம் எங்க இருக்கு?" என்று பசை என்னைக் கேட்டாள்.

"கடையில." பூட்டிய கடை, போய்வர ஒன்றரை மணி நேரம். சிவப்புப் புத்தகம் கிடக்கிற பசையின் வீடு அதைவிடத் தூரம்.

மகளின் முகம் தாளைவிட வெளுத்தது. போன வருடம் அவளைக் கவிழ்த்ததே இந்தப் பகுதிதானாம். பசை சட்டென்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பதறாத. அது நான் எழுதின பக்கம்தானே, வாயால சொல்றேன். பதினஞ்சு உறுப்பு இருக்குற குரூப்ப எடு. மூணும் அஞ்சும். ரெண்டு வகையிலயும் ஒண்ணே ஒண்ணுதான் வரும், அதனால சைக்ளிக். இருபத்தொண்ணுல அப்படிச் சொல்லிடாத, அங்க மூணுக்கு ஏழும் வரலாம். அங்கதான் கவுத்துவாங்க."

அது இவள் எழுதிய பக்கம். மூன்று நட்சத்திரமும் இவளுடையது. நான் என் மகள் மூளை என்று உருவியது இவள் மூளையை. மகள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், சின்ன வயதில் என் வாயைப் பார்த்த மாதிரி. எரிந்தது. அந்த நிலைமையிலும் எரிந்தது.

"பன்னெண்டு உறுப்பு குரூப்புக்கு ஒரு பட்டியல் போட்டிருந்தியே?" என்றாள் மகள்.

பசை நெற்றியைத் தேய்த்தாள். "அஞ்சு வகை. நாலுதான் ஞாபகம் வருது. அய்யோ, எழுதினவளுக்கே வர மாட்டேங்குதே."

மகளின் கண் கலங்கிவிட்டது. எட்டே முக்கால். தாள் என் நெஞ்சுக்கு நேரே இருக்கிறது. கொடுத்தால் மாட்டிக்கொள்வேன். கொடுக்காவிட்டால் நாளையிலிருந்து இவள் என் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து பிரதி எடுப்பாள். ஒரு நிமிடம் போல சும்மா நின்றேன். அந்த ஒரு நிமிடத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பையில் கைவிட்டு எடுத்து நீட்டினேன். "மெஷின்ல சிக்கியிருந்துச்சு. காலையிலதான் பாத்தேன்."

மகள் பிடுங்கிக்கொண்டாள். இரண்டு தலையும் தாளுக்குள் போய்விட்டன. விரலை வைத்து ஐந்தாவது வகையைத் தேடிப் பிடித்தார்கள், வாய்விட்டு மூன்று தடவை சொன்னார்கள். மணி அடித்தது. மடிக்கும்போது மகள் பின்பக்கத்தைப் பார்த்தாள். டோனர். ஸ்பைரல் கம்பி. பல்பு.

"நேத்து சாயங்காலம்தானே பல்பு எழுதச் சொன்னேன்?" என்றாள் மெதுவாக.

நான் கதவைப் பார்த்தேன்.

"இந்த நாலையும் உருவிட்டு, குறைப் புக்க அவ கையில குடுத்து அனுப்பத்தானே பாத்தே?"

"உனக்காகத்தான்..."

"எனக்காகன்னு சொல்லாதப்பா."

பசை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிந்துவிட்டது, கண்ணாடிக்குள் கண் பெரிதானது. பையை உள்ளே விடமாட்டார்கள், வெளியே யாரிடமாவது கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அவளோடு யாரும் வரவில்லை. தன் பையைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"இதக் கொஞ்சம் பாத்துக்கோங்கப்பா."

"எண்ணிக் குடுடி" என்றாள் மகள். "உள்ள என்னென்ன இருக்குன்னு எண்ணிக் குடு."

பசை எண்ணவில்லை. அப்படியே என் கையில் வைத்துவிட்டுப் போனாள். மகள் தன் பையையும் அந்தத் தாள்களைச் செருகிய நீலப் புத்தகத்தையும் என் காலடியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

மூன்று மணி நேரம் எதிர்ச்சுவர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். வெயில் காலில் ஏறி முட்டிக்கு வந்தது. இரண்டு பையும் மடியில். வேறு நாளாக இருந்தால் பசையின் பையைத் திறந்து பார்த்திருப்பேன், எனக்கு எவர் மேலும் நம்பிக்கை கிடையாது. அன்று ஜிப்பின் மேலே கையை வைத்தபடியே இருந்தேன்.

இருவரும் கூட்டத்தோடு வெளியே வந்தார்கள்.

"இருபத்தொண்ணுதான்டி கேட்டான்!"

"சொன்னேன்ல, கவுத்துவாங்கன்னு!"

நடுத்தெருவில் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். நல்லபடியாக எழுதியிருக்கிறாள். எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் அவள் அதை முதலில் சொன்னது என்னிடம் இல்லை.

மகள் வந்து நீலப் புத்தகத்தை எடுத்தாள். மடித்த நான்கு தாளையும் பிரித்து, நீவி, அறுபத்தொன்றுக்கும் அறுபத்தாறுக்கும் நடுவில் வைத்தாள். பிறகு என் முன்னாலேயே நின்று முதல் தாளிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். வாய்விட்டு.

"விடுடி, பாவம்" என்றாள் பசை.

அவள் அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. "எண்ணட்டும்" என்றேன். "எம்பத்தாறு வரைக்கும் எண்ணட்டும்."

எண்ணி முடிக்கும் வரை மூன்று பேரும் வெயிலிலேயே நின்றோம்.