முன்னூறு பொறுமைசாலிகள்

ரெனிதாவின் கணக்கில் பிழையே இல்லை. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

ஆவடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கடைசி வருடம் படிக்கிறாள். கணினிகளின் செயல்திறனை அளந்து சொல்லும் பாடத்துக்கு அவள் எடுத்த புராஜெக்ட், கேன்டீன் டோக்கன் ஆப். அதை எழுதியவன் வகுப்புத் தோழன் முகமது ஆசிக். மதிய மணி அடித்ததும் முன்னூறு பேர் டோக்கன் கேட்டால் சர்வர் தாங்குமா என்று கணக்குப் போட்டுச் சொல்வது ரெனிதாவின் வேலை. தாங்கும் என்று அடித்துச் சொன்னாள். திங்கட்கிழமை மணி அடித்தது, சர்வர் படுத்துவிட்டது. பசியில் நின்ற கூட்டம் ரெனிதாவின் பேரைச் சொல்லியே திட்டியது.

பேராசிரியர் ரவிச்சந்திரன் கோபப்படவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள எங்க தப்புன்னு சொல்லும்மா. இல்லன்னா இந்தப் பேப்பர் அரியர்தான்" என்றார், டீ வேண்டுமா என்று கேட்கிற அதே குரலில். அரியர் விழுந்தால் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் கிடைத்திருக்கும் வேலையும் கைவிட்டுப் போய்விடும்.

ஆசிக்கைப் பிடித்து உலுக்கினாள்.

"நான் இன்னா பண்ணட்டும்? முன்னூறு பேருன்னு நீதான சொன்ன. சர்வருக்கு ஆயிரத்துக்கு மேல ரிக்வெஸ்ட் வந்துகீது!"

"கேன்டீன்ல நின்னதே முன்னூறு பேருதான். உன் கோடிங்லதான் ஏதோ கோளாறு கீது."

"போடி" என்று பையை மாட்டிக்கொண்டு நடந்தான். மூன்று வருட சிநேகம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது.

அன்று மாலை மேனாம்பேட்டில், தன் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்ட் முன்னால் நின்றாள். பொத்தானை அமுக்கினாள், விளக்கு எரிந்தது. லிஃப்ட் வரவில்லை. மறுபடி அமுக்கினாள். மூன்றாம் மாடி ஜானகிராமன் காய்கறிப் பையோடு வந்தார். எரிகிற பொத்தானை நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு அவரும் நாலைந்து தடவை அமுக்கினார்.

"அதான் எரியுதே அங்கிள்?"

"தெரியும்மா. அமுக்கினாதான் மனசுக்கு ஒரு திருப்தி."

ரெனிதா தன் கட்டைவிரலைப் பார்த்தாள். அதுவும் பொத்தான் மேலேயேதான் இருந்தது. ஆப்பில் ஒவ்வொருவரும் டோக்கன் பொத்தானை ஒரே ஒரு முறை அமுக்கிவிட்டுச் சமர்த்தாகக் காத்திருப்பார்கள் என்றல்லவா அவள் கணக்குப் போட்டிருந்தாள்! அப்படிப்பட்ட புண்ணியவான்கள் முன்னூறு பேரை எந்த ஊரில் போய்த் தேடுவது? லிஃப்ட் வந்து கதவு திறந்தபோது அவள் ஆசிக்குக்கு போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உன் மேல தப்பு இல்லடா, சாரி. தப்பு என் கணக்குலதான்" என்பதுதான் முதல் வார்த்தை. அவன் கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டான், பிறகு விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அவள் கணக்கைத் திருத்தினாள். ஒருமுறை அமுக்கியதும் பொத்தான் மங்கி, "டோக்கன் வந்துகொண்டிருக்கிறது" என்று காட்டும்படி அவன் ஆப்பை மாற்றினான். வெள்ளிக்கிழமை மதியம் அதே கூட்டம், அதே பசி. சர்வர் அசராமல் தாங்கியது.

மாலையில் ரவிச்சந்திரன் திருத்திய ரிப்போர்ட்டைப் புரட்டினார். "டோக்கன் வர வரைக்கும் அமுக்கிகிட்டே இருப்பாங்கன்னு எழுதியிருக்க. படிச்சவங்க அப்படிச் செய்வாங்களா?"

 வருவது வரட்டும் என்று ரெனிதா கேட்டேவிட்டாள்.

"திங்கட்கிழமை நீங்க எத்தனை தடவ அமுக்குனீங்க சார்?"

வாசலில் நின்ற ஆசிக் மூச்சைப் பிடித்துக்கொண்டான். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எண்ணலம்மா. தயிர் சாதம் தீர்ந்துடுமோன்னு ஒரு பயம்" என்று சொல்லி, பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.