சுவரில் நாற்பத்தொரு பற்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் தங்கையின் நோட்டிலிருந்து திருடியது. அவள் ஆராய்ச்சிக்காரி. ஓர் ஆளை வளர்ப்பது அவருடைய மூளையா, அவர் உட்கார்ந்து வேலை பழகும் அறையா என்பது அவள் கேள்வி. அதற்காகச் செயற்கைப் பல் செய்யும் கூடம் ஒன்றில் ஆறு மாதம் முக்காலி போட்டு உட்கார்ந்து, யார் யாரிடம் என்ன கேட்கிறார்கள் என்று குறித்துக்கொண்டிருந்தாள். நான் வாரப் பத்திரிகையில் மர்மத் தொடர் எழுதுகிறவன். நோட்டைப் புரட்டியதும் கை அரித்தது. ஆரம்பித்தேன்:

'கதவைத் திறந்த இன்ஸ்பெக்டர் உறைந்துபோனார். சுவர் முழுக்கப் பற்கள். நாற்பத்தொன்று! ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர். அப்போது அவர் முதுகுக்குப் பின்னால்—'

"அண்ணா, அங்க இன்ஸ்பெக்டரே கிடையாது," என்றாள் தங்கை, தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து.

"சுவத்துல பல்லு இருக்கா இல்லையா?"

"இருக்கு. எல்லாம் கெட்டுப்போன பீங்கான் பல். விரிசல் விட்டது, கலர் மாறினது. கெடுத்தவங்களே ஒட்டி, எப்படிக் கெட்டுச்சுன்னு சீட்டு எழுதி வைக்கிறாங்க."

"பிணம்?"

"இருபது வருஷமா உனக்கு இதே வியாதி."

(உண்மைதான். அத்தியாயக் கடைசியில் யாராவது அலறவில்லை என்றால் என் முதல் ஆசிரியர் தாளைத் திருப்பி எறிவார். அந்த அறையில் வளர்ந்தவன் நான். வீட்டில் சர்க்கரை இருக்கிறதா என்று மனைவி கேட்டால்கூட, 'டப்பாவைத் திறந்தேன்...' என்று நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்க்கிறேன்.)

2

இன்ஸ்பெக்டரை அனுப்பிவிட்டேன். நிஜ ஆட்கள் உள்ளே வரலாம்.

கூடத்தில் இரண்டு அறைகள். அறைக்கு ஆறு பேர். ஒரே வேலை, ஒரே மாதிரி உலை, ஒரே பீங்கான் பவுடர். முதல் அறையில் பல் கெட்டால், கெடுத்தவர் பெயர் சிவப்பு மையில் போர்டில் ஏறும். மாதம் முழுக்க அங்கேயே இருக்கும். இரண்டாம் அறையில் கெட்ட பல்லே சுவரில் ஏறும், அதுவும் மாதக் கடைசிவரை. சீட்டைப் படிக்க எல்லாரும் டீ கிளாஸோடு கூடுவார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரே நாளில் இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். ஓரகத்திகள். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு மாமியாரோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள். ஒரே பயிற்சிப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். மூத்தவள் முதல் அறைக்குப் போனாள், இளையவள் இரண்டாம் அறைக்கு. யாரும் யோசித்துப் போடவில்லை. நாற்காலி எங்கே காலியோ அங்கே. இன்று இளையவள் செய்யும் முன்பற்களை மருத்துவர்கள் கேட்டு வாங்குகிறார்கள். மூத்தவள் இன்னும் வெளியே தெரியாத கடைவாய்ப் பல்லைத் தாண்டவில்லை.

[மூத்தவளுக்குத் திறமை போதாது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். பயிற்சிப் பள்ளியில் முதல் மார்க் அவள்தானாம்.]

3

முதலாளி வில்லன் இல்லை. மீசை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. புது இயந்திரம் வருகிறது, அதற்கு ஓர் அறை வேண்டும். அவ்வளவுதான் அவர் கவலை.

"மேடம், எந்த ரூம்ல எத்தனை பல் கெட்டுச்சுன்னு மட்டும் எழுதிக் குடுங்க. அதிகமா இருக்கிற ரூமை மூடிட்டு, அந்த ஆறு பேரையும் அனுப்பிடறேன். வெள்ளிக்கிழமை வேணும்."

ஒரு மாதத்தில் முதல் அறையில் மூன்று. இரண்டாம் அறையில் நாற்பத்தொன்று.

அந்த மூன்று, பொய். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் மூத்தவளே தங்கையிடம் சொன்னாள்: எங்கள் அறையில் எல்லாருமே கெட்ட பல்லை ஒளித்துக்கொள்கிறோம், பவுடர் குறைந்தால் கொட்டிப்போச்சு என்கிறோம். யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டாள். தங்கை வாக்குக் கொடுத்தாள்.

இப்போது உண்மையை எழுதினால் மூத்தவளைக் காட்டிக்கொடுத்ததாகும். எழுதாவிட்டால் இளையவளுக்கு வேலை போகும். இரண்டு பேருக்கும் வீடு ஒன்று.

4

முடிவு அ: முதலாளி மேசையில் ஒரு மொட்டைக் கடிதாசி! "என்கூடப் பேசறது மூத்த அக்காதான்னு எல்லாருக்கும் தெரியும், முதல்ல அவங்களைத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க," என்றாள் தங்கை. அடித்தேன்.

முடிவு ஆ: அறிக்கை வைத்திருந்த பீரோவில் தீ— "அண்ணா!" அடித்தேன்.

முடிவு இ: தங்கை வாக்கை மீறுகிறாள். இதை எழுதவே இல்லை. அவள் பார்த்த பார்வையில் பேனா மூடியைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

"அவங்ககிட்டயே போய்க் கேக்கப் போறேன். வேண்டாம்னு சொன்னா, ரூம் கணக்கே தர மாட்டேன். என் ஆராய்ச்சி இதோட நின்னாலும் சரி."

5

வியாழன் சாயங்காலம், ஓரகத்திகளின் சமையலறை. தங்கை சொல்லி முடித்ததும் மூத்தவள் உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். பதினேழு பற்கள்.

"ஏன்க்கா இதையெல்லாம் வெச்சிருக்கீங்க?" என்றாள் இளையவள்.

"ஏன் வெடிச்சுதுன்னு தெரிஞ்சதும் தூக்கிப் போடலாம்னு இருந்தேன். தெரியவே இல்ல."

இளையவள் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். "ஈரம் காயறதுக்குள்ள உலைல தள்ளிட்டீங்க. எங்க சுவத்துல இதே மாதிரி ஆறு இருக்கு. அதுல ரெண்டு என்னுது." பல்லைக் கீழே வைத்தாள். "மூணு வருஷமா ஒரே வீட்டுல படுத்து எந்திரிக்கிறோம். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டா, கெடுத்தேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல? பழகிடுச்சுடி. போன வாரம் சோறு தீஞ்சப்பகூட அடுப்பு சரியில்லைன்னு சொல்லிட்டேன்."

"அது நீங்களா! நான் ஒரு வாரமா அத்தையை முறைச்சுட்டு இருக்கேன்!"

(நோட்டில் இந்த இடம் காலி. ஏன் என்று கேட்டேன். "நானும் சிரிச்சிட்டு இருந்தேன், எங்க எழுதறது?" என்றாள் தங்கை.)

சிரித்து முடித்ததும் மூத்தவள் காகிதம் கேட்டாள். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சீட்டு: என்ன தப்பு, எதனால், கீழே தன் பெயர். விளங்காத இடத்தில் இளையவளைக் கேட்டாள். பதினேழாவது சீட்டுக்கு யாரையும் கேட்கவில்லை.

"நீங்க வாக்கை உடைக்க வேண்டாம் மேடம். நானே சொல்லிக்கறேன். என்னுதை மட்டும்."

"வேலை போச்சுன்னா?"

"பயந்து பயந்து காப்பாத்தின வேலைதானே? அதுல நான் ஒண்ணும் கத்துக்கலையே."

6

வெள்ளிக்கிழமை. முதலாளியின் அறை.

"சார், இது முதல் ரூம் கணக்குல வராதது. பதினேழும் நான் கெடுத்தது. ஏன் கெட்டுச்சுன்னு எழுதியிருக்கேன். எனக்கே நேத்துதான் தெரியும்."

'முதலாளியின் கண்கள் கலங்—' இல்லை, கலங்குகிற ஆள் இல்லை அவர்.

'"வெளியே போ!" என்று அவர் மேசையை—' இது என் பழைய ஆசிரியரின் குரல்.

அவர் என்ன சொன்னார் என்று தங்கைக்குத் தெரியும். நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் எழுதிவிடுவேன், எழுதினால் நீங்கள் அவரைப் பாராட்டியோ திட்டியோ பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். அதற்கு விடுவதாக இல்லை.

நீங்களும் எங்கோ ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்தான். அலுவலகத்தில், வகுப்பில், வீட்டில். இப்போது டப்பா உங்கள் முன்னால் இருக்கிறது. அவள் நின்றுகொண்டிருக்கிறாள். கதவு திறந்திருக்கிறது, வெளியே முதல் அறையின் மற்ற ஐந்து பேர். ஆளுக்கொரு கை சட்டைப் பைக்குள். எதையோ இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். நீங்கள் வாய் திறக்கக் காத்திருக்கிறார்கள்.

சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக. வாசல்வரை கேட்க வேண்டும்.