போறேன்னு சொல்லக் கூடாது

சாமிக்கண்ணுவின் வீட்டிலிருந்து கிளம்புகிறவர் வாய் தவறி "போறேன்" என்று சொல்லிவிட்டால் தொலைந்தார். பால்காரரானாலும் சரி, சம்பந்தியானாலும் சரி, திரும்ப உள்ளே அழைத்து, உட்காரவைத்து, ஒரு வாய் தண்ணீர் குடிக்கவைத்து, "வரேன்" என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவார். எல்லோருந்தான் அந்த வார்த்தையைத் தவிர்க்கிறார்கள். அதைக் கேட்டு முகம் வெளுத்துப்போகிறவர் இவர் ஒருவர்தான். வாட்ச்மேன் வேலை பார்த்த அவருக்குப் புதுச்சேரி உப்பளம் பேட்டையில் 'வரேன் வாட்ச்மேன்' என்றே பேர். ஊரில் சொல்தா என்கிற பிரெஞ்சுப் பட்டாளத்துப் பழைய சிப்பாய்கள் எத்தனையோ பேர் உண்டே, அவர்களுக்கு வராத கிறுக்கு இவருக்கு வந்துவிட்டது என்று தெரு முடிவுகட்டியிருந்தது. தெருவுக்கு என்ன தெரியும்?

எழுபத்தொன்றாம் வருஷத்துப் பாகிஸ்தான் சண்டையில் சாமிக்கண்ணு இந்தியப் பட்டாளத்துச் சிப்பாய்; அவருக்கு அதிகாரி செகண்ட் லெப்டினன்ட் நேகி. டேராடூன் பக்கத்துக்காரர், இருபத்திரண்டு வயது. தமிழர்கள் இருக்கும் படைக்கு வருகிற அதிகாரி தமிழ் படித்தாகவேண்டும். வாத்தியாராக வாய்த்தவர் மில் தெருவில் வளர்ந்த சாமிக்கண்ணு. ஆகவே அந்த மலைநாட்டுக்காரர் பேசியது அச்சு அசல் புதுச்சேரி மில் தொழிலாளித் தமிழ். முதல் பாடமே இதுதான்: "கெளம்பறப்போ போறேன்னு சொல்லக் கூடாது சாப். போறேன்னா போனதுதான். வரேன்னு சொல்லணும்." நேகிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. கக்கூசுக்குக் கிளம்பினாலும் "வரேன் சாமிக்கண்ணு" என்பார்.

அந்த டிசம்பர் காலையில் நேகியும் சாமிக்கண்ணு உட்பட அவருடைய ஆறு பேரும் ஒரு வாய்க்காலுக்குள் மாட்டிக்கொண்டார்கள். கரைமேலிருந்த எதிரியின் மெஷின்கன் தலையைத் தூக்கவிடவில்லை. நேகி இரண்டு கையெறி குண்டுகளை எடுத்துக்கொண்டு, திரும்பி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே ஏறினார். பாதி வழியில் தோட்டா பட்டு விழுந்தார். எழுந்து மறுபடி ஓடினார். குண்டு வெடித்தது, மெஷின்கன் அடங்கியது. ஆறு பேரும் பிழைத்தார்கள். எடுப்பதற்குள் அந்த இடமே எதிரி கைக்குப் போய்விட்டதால் நேகியின் உடல் கிடைக்கவில்லை. பதக்கம் மட்டும் வீட்டுக்குப் போயிற்று.

கடைசியாக என்ன சொன்னார் என்று கர்னல் கேட்டபோது, "வரேன்னு சொன்னாரு" என்றார் சாமிக்கண்ணு. அதை இந்தியில் எழுதித் தாயாருக்கு அனுப்பினார்கள்.

எழுபத்தொன்பதில் அந்தத் தாயார் நேரிலேயே வந்து நின்றார். புதுச்சேரி ஆசிரமத்துக்கு வந்த வடக்கத்தியர் கூட்டத்தோடு வந்தவர், கடிதத்திலிருந்த சாமிக்கண்ணுவின் பேரைச் சொல்லி விலாசம் விசாரித்து ரிக்‌ஷாவில் வந்திருந்தார். கையில் அந்தக் கடிதம், மடிப்பெல்லாம் கிழிந்து. சாமிக்கண்ணுவின் மனைவி அஞ்சலாட்சி காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"காரியம் செய்துவிடு என்கிறார்கள் பேட்டா, நான் விடவில்லை" என்றார் அந்த அம்மாள் இந்தியில். "வருகிறேன் என்று சொன்னானே. எட்டு வருஷமாக வாசல் கதவுக்குத் தாழ் போட்டதில்லை. நீதானே காதால் கேட்டாய்?"

உண்மையைச் சொல்லத் தைரியமில்லாமல் சாமிக்கண்ணு சொன்ன ஒரு பொய், பெற்றவளை எட்டு வருஷம் வாசலிலேயே உட்காரவைத்திருக்கிறது. இப்போதும் தலையை ஆட்டினால் போதும், சாகும்வரை உட்கார்ந்திருப்பாள்.

பட்டாளத்து இந்தியில் சொன்னார்: "பொய் சொல்லிட்டேம்மா. வரேன்னு சொல்லல. 'போறேன், சாமிக்கண்ணு'ன்னாரு. இந்தியில 'ஜாத்தா ஹூன்'னு அர்த்தம். ரெண்டாந்தடவ வுழுந்தவரு எந்திரிக்கல, என் கண்ணால பாத்தேன்."

தாயார் அழவில்லை. அந்தத் தமிழ்ச் சொல்லை மறுபடி கேட்டார். மூன்று முறை சொல்லிப் பார்த்து, கடிதத்தின் பின்பக்கம் இந்தி எழுத்தில் எழுதிக்கொண்டார். ஊருக்குப் போனதும் காரியத்தை முடித்துவிடுகிறேன் என்றார். சாமிக்கண்ணுவுக்கு அப்பாடா என்று இருந்தது.

அந்த அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு கைகூப்பி, மகனுடைய தமிழிலேயே விடைபெற்றார்: "போறேன்."

அஞ்சலாட்சி பதறிப்போனாள். "ஐயய்யோ, போறேன்னு சொல்லக் கூடாதும்மா! வரேன்னு சொல்லுங்க!"

யோசிக்காமல், மூச்சு விடுவதற்குள் சொல்லிவிட்டாள். அன்று வாய்க்காலில் தொண்டைவரை வந்து, சாமிக்கண்ணுவின் வாயிலிருந்து வெளிவராமலே போனதும் இதேதான்.

"என்ன சொல்கிறாள்?" என்றார் தாயார்.

சாமிக்கண்ணுவால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போறேன் என்றால் திரும்பி வராதவர் சொல்வது, அதனால் நாங்கள் வரேன் என்றுதான் சொல்வோம் என்றார்.

தாயார் கேட்டார்: "என் மகனுக்கு இது தெரியுமா?"

"தெரியும்மா. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

வாய் தவறிச் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா? அதைத்தான் எட்டு வருஷமாக அவர் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறார். இப்போது அதைத் தூக்கி அந்தத் தாயின் தலையிலும் வைத்தாயிற்று.

அந்த அம்மாள் ரிக்‌ஷாவில் ஏறினார். இரண்டு சொல்லும் தெரிந்திருந்தும் ஒன்றையும் சொல்லவில்லை.