நட்சத்திரக் குறி

மண்டாய் சுடலைக்குப் போகும் வண்டி வர அரைமணி நேரம் இருந்தபோது ரித்திக் கைக்கு அந்தத் தாள் வந்தது. சிங்கப்பூரில், பொங்கோல் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் திவ்யதர்ஷினி பெட்டிக்குள் கிடந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. முந்தாநாள் காலை வரை அவன் மனைவி.

தாளில் அவள் படம். கீழே அவள் ஆய்வின் சுருக்கம். பனியைக் குறிக்கும் லத்தீன் சொல் 'நிக்ஸ்' எங்கிருந்து வந்தது என்று மூன்று வருடம் தேடினாள். பனியைக் கண்ணால் கண்டதில்லை. கிரேக்கத்திலும் லித்துவேனியத்திலும் அதன் உடன்பிறப்புகளைப் பிடித்து, 'ஸ்னிக்வ்' என்ற தாய்ச்சொல் வரை போயிருந்தாள். அதை யாரும் எழுதிவைத்ததில்லை. பிள்ளைச்சொற்களின் சாயலை வைத்து ஊகித்தது. அதனால் அதன் முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவாள்.

தாளில் நட்சத்திரம் இல்லை. கடைசியில் ஒரு புது வரி இருந்தது: 'நிக்ஸ்' தமிழின் 'நீர்' என்பதிலிருந்தே பிறந்தது.

அவளுடைய பெரியப்பா கோவிந்தசாமி, லிட்டில் இந்தியாவில் அச்சுக்கடை திறக்குமுன் போய் நின்று இந்தத் தாளை அச்சடித்த கதையை மூன்றாவது ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அரைகுறையாய்க் கேட்டதை நாற்பது வருடம் மேடையில் முழங்கியவர். கூட்டம் கூடினால் போதும், பெட்டியும் மேடைதான்.

"மாமா, ஸ்டார் எங்க?"

"அதுவா மாப்ள, பிரிண்டிங் மிஸ்டேக்னு எடுத்துட்டேன்."

"கடைசி வரி?"

"புள்ள முடிக்காம போயிருச்சு. நான் முடிச்சு வச்சேன்லா. அவளுக்குப் பெருமைதானே?"

போன தீபாவளிக்கு அவள் இவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள், பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லாதீர்கள் என்று. படிச்ச திமிர் என்று சிரித்துக்கொண்டே இனிப்பை மென்றார்.

ரித்திக்குக் கோபம் வரவில்லை. கோபத்துக்கும் ஆள் ஒரு தரத்தில் இருக்க வேண்டும். தாள்கட்டை மடியில் வைத்து, அவள் பையிலிருந்து பென்சிலை எடுத்தான். கடைசி வரியை அடித்தான். 'ஸ்னிக்வ்' முன்னால் நட்சத்திரம் போட்டான். அடுத்த தாள்.

"எல்லாரும் பாக்குறாங்க மாப்ள."

"அது நீங்க எழுதினது, மாமா. அவ எழுதல."

கோவிந்தசாமி பக்கத்திலிருந்தவரிடம், பையன் அதிர்ச்சியில் இருக்கிறான் என்றார்.

வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போனான். குனிந்தபோது அது நழுவி அவள் தோளருகே விழுந்தது. பின்முனை முழுக்க அவள் கடித்த தடம். அங்கேயே கிடக்கட்டும் என்று யாரோ சொன்னார்கள்.

எடுத்துக்கொண்டான். இன்னும் பாதித் தாள்கள் இருந்தன.