ஒற்றைத் தறி

ஐஸ்பெட்டி லிஃப்டுக்குள் நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள். கடைசியில் சிவசங்கரனைத்தான் நான்காவது மாடியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து, கார் நிறுத்தும் இடத்தில், இரண்டு கார்களுக்கு நடுவே பெட்டியில் கிடத்தினார்கள். மேலே யார் வீட்டிலோ மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. திருப்பதியில் இந்த அபார்ட்மெண்டுக்கு அவர் குடிவந்து ஆறு வருடம் ஆகிறது. அவர் பெயர் தெரிந்தவர் வாட்ச்மேன் ஒருவர்தான்.

அகிலா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒரே மகள். நேற்றிலிருந்து அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. நகரியில் அவர்கள் இருந்த தெருவின் பழைய ஆட்கள் ஏழெட்டுப் பேர், இப்போது புத்தூர், திருத்தணி என்று சிதறிப்போனவர்கள், தகவல் தெரிந்து வந்திருந்தார்கள். சாவு வீட்டில் அரைமணி நேரம் அழலாம், அதற்கு மேல் எதையாவது பேசத்தான் வேண்டும். பேச்சு அந்தத் தெருவுக்குப் போய்விட்டது.

"இன்னா சத்தம், இன்னா சத்தம்!" என்றார் எதிர்வீட்டில் இருந்த ஆதிகேசவன். "நாப்பது வூடு, வூட்டுக்கு நாலு பவர்லூம். டீ கிளாச தரையில வச்சா டீ ஆடிக்கினே இருக்கும். புருசன் பொண்டாட்டி சண்ட பக்கத்து வூட்டுக்குக்கூட கேக்காது."

"கைய ஆட்டி ஆட்டித்தான் திட்டிக்குவோம்," என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். பெட்டி கண்ணில் பட்டதும் நிறுத்திக்கொண்டார்கள்.

"ஆனா ஒரு சாவுன்னா," என்று ஆதிகேசவன் தொடர்ந்தார், "நாப்பது வூட்டுத் தறியும் நின்னுடும். பொணம் தெருவத் தாண்டற வரைக்கும் ஒருத்தன் சுவிட்ச தொடமாட்டான். கிளாசுல டீ அப்படியே நிக்கும். யாரு செத்தாலும்..."

அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது. கடைசி வீட்டுச் சென்னம்மா தன் கையிலிருந்த பேப்பர் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சென்னம்மாவின் புருஷன் இறந்தபோது அகிலாவுக்குப் பதினான்கு வயது. மறுநாள் காலையில் சென்னை வியாபாரிக்கு லுங்கிகள் போயாக வேண்டும். போகாவிட்டால் அந்த வியாபாரி கைநழுவிப் போய்விடுவான். பின்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு ஒரே ஒரு தறியை மட்டும் ஓட்டினால் யாருக்குக் கேட்கப்போகிறது என்று சிவசங்கரன் நினைத்தார். பாவி மனுஷன். பிறந்ததிலிருந்து அந்த இரைச்சலிலேயே கிடந்தவருக்கு, மற்ற தறிகளெல்லாம் நின்றுபோன தெருவில் ஒற்றைத் தறி எப்படிக் கேட்கும் என்று தெரியவில்லை. அது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கேட்டது. புருஷன் காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்த சென்னம்மா, அழுகையை நிறுத்திவிட்டு அதைக் கேட்டாள்.

யாரும் சண்டைக்கு வரவில்லை. நான்கு வருடம் கழித்து அகிலாவின் அம்மா கங்கம்மாள் இறந்தபோது ஒரு தறியும் நிற்கவில்லை. அவ்வளவுதான். சங்கு ஊதுகிறவனின் கன்னம் உப்புவது தெரிந்தது, சங்கு கேட்கவில்லை. அந்த மாதமே சிவசங்கரன் வீட்டையும் தறிகளையும் விற்றுவிட்டுத் திருப்பதிக்கு வந்து ஒரு லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்தார். இருபத்திரண்டு வருடம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நேற்றுச் சாயந்திரம்தான் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு, "என்ன நம்ம தெரு வழியா எடுத்துக்கினு போ பாப்பா. நிறுத்தறாங்களா பாரு," என்றார்.

அகிலா எழுந்தாள். "பெரிப்பா, நைனாவ நகரிக்கு எடுத்துக்கினு போறேன். தறிய நிறுத்தச் சொல்றீங்களா? பத்து நிமிசம் போதும்."

ஆதிகேசவன் நெற்றியைத் தேய்த்தார். "அங்க இப்ப நம்மாளு யாரும்மா கீறாங்க? நானே ஷெட்ட வாடகைக்கு வுட்டுட்டேன். எல்லாம் வெளியூர் ஆளுங்க."

அகிலா சென்னம்மா பக்கம் திரும்பினாள். "அத்த..." என்றாள். அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை. கேட்கிற உரிமையும் இல்லை.

சென்னம்மா கப்பைக் கீழே வைத்தாள். "போன் போடு ஆதி," என்றாள். "நாஞ்சொன்னேன்னு சொல்லு."

அவர் காருக்குப் பின்னால் போய் வெகுநேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, சரி என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினார்.

வண்டியில் பெட்டிக்கு ஒரு பக்கம் அகிலாவும் சென்னம்மாவும், எதிரே ஆதிகேசவனும் உட்கார்ந்தார்கள். புத்தூர் தாண்டியதும், தறிகளை நிறுத்தாமல் விட்டுவிடுவார்களோ என்று அகிலாவுக்குத் தோன்றியது. அப்பா செத்த துக்கத்தைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

வண்டி தெருவுக்குள் திரும்பி, நடுத்தெருவில் நின்றது. டிரைவர் எஞ்சினை அணைத்தார்.

சத்தமே இல்லை. எங்கோ ஒரு காக்காய் கத்தியது. ஒரு தறிகூட ஓடவில்லை.

அகிலா பெட்டியின் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். "நைனா, நிறுத்திட்டாங்க. கேளு நைனா, எல்லாரும் நிறுத்திட்டாங்க!" நேற்றிலிருந்து வராத அழுகை மொத்தமும் வந்தது. சென்னம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ஆதிகேசவன் வெளியே டீக்கடையைப் பார்த்தார். கடைக்காரர் ஓர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல் ஃபேன் நின்றிருந்தது. ஷெட் வாசல்களில் ஆட்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வண்டியைப் பார்த்து ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"எடுப்பா, சீக்கிரம் எடு," என்று அவர் டிரைவரை அவசரப்படுத்தினார்.

"இருங்க பெரிப்பா," என்றாள் அகிலா. "கொஞ்ச நேரம் இருக்கட்டும். நைனா கேக்கட்டும்."

டீக்கடை ஃபேன் மெதுவாகச் சுற்றத் தொடங்கியது.

"கரெண்ட் வச்சிந்தி ரா!" என்று, கரெண்ட் வந்துவிட்டதை யாரோ தெலுங்கில் கத்திச் சொன்னார்கள். வாசல்களில் இருந்தவர்கள் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள்.

முதலில் ஒரு தறிதான் ஓடியது. பச்சைக் கதவு போட்ட வீட்டின் பின்கட்டிலிருந்து. ஒரு காலத்தில் அகிலாவின் வீடு அது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அந்த ஒரே தறி கேட்டது. அகிலாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த சென்னம்மாவின் கை நின்றுவிட்டது.

பிறகு மற்ற தறிகளும் சேர்ந்துகொண்டன. ஆதிகேசவன் கையெடுத்துக் கும்பிட்டு அகிலாவிடம் ஏதோ சொன்னார். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. அவள் குனிந்து பெட்டியைப் பார்த்தாள். கண்ணாடியில் வேர்த்திருந்த நீர்த்துளிகள் ஆடிக்கொண்டே இருந்தன.