கையில் கொடுத்த கத்தி

சன்னாசிக்கு உலகத்தில் இரண்டு விதமான மனிதர்கள்தான் உண்டு. கத்தி தீட்டத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள். அவருடைய மடக்குக் கத்தியின் அலகு வழவழவென்றிருக்கும், பல் கிடையாது. காலையில் காப்பி குடிக்குமுன் அதைக் கல்லில் தேய்த்து, முன்கை மயிரை மழித்துப் பார்த்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டால்தான் அவருக்குப் பொழுது விடியும். "பேசாம அந்தக் கத்தியவே கட்டியிருக்கலாம் நீங்க" என்று அவர் மனைவி வள்ளிநாயகி சொல்லாத நாளில்லை.

அவளுடைய தம்பி மகேந்திரன் சன்னாசியின் பட்டியலில் தீட்டத் தெரியாதவன். தம்பின் டவுனுக்குப் பக்கத்தில், சன்னாசி குடியிருக்கும் அதே செம்பனைத் தோட்டத்தில், எண்ணெய்ப் பழம் ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறான். போன தீபாவளிக்கு லோபாக் கடைத்தெருவில் ஒரு கடையிலிருந்து மாமாவுக்கென்று புது மடக்குக் கத்தி வாங்கி வந்தான். கறுப்புப் பிடி, அலகில் பாதி ரம்பம் மாதிரிப் பல். வீடு நிறைய விருந்தாளிகள். அத்தனை பேர் முன்னால் அதைச் சன்னாசியின் உள்ளங்கையில் வைத்துவிட்டான்.

கத்தியை யாராவது கையில் கொடுப்பார்களா? கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கைக்குக் கை மாறினால் சண்டை வரும். இது தெரியாத ஆள் தோட்டத்தில் கிடையாது. அன்றைக்கே சண்டை வந்தது. மகேந்திரன் கத்தியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இலையில் கை வைக்காமல் எழுந்து போனான். எட்டு மாதமாகப் பேச்சு இல்லை. எல்லாம் கத்தியைக் கையில் கொடுத்ததால் வந்த வினை என்றுதான் சன்னாசி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தான் அன்று என்ன பேசினோம் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை, இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. நாலு மாடு இருந்த இடத்தில் சன்னாசிக்கு மிஞ்சியது ஒரே ஒரு செவலைப் பசு. நிறைமாதம். பத்து நாளில் கன்று போட வேண்டியது. செம்பனைகளுக்கு நடுவே கட்டியிருந்த இடத்துக்குப் போனால் மாட்டைக் காணோம். தோட்டத்துத் தண்ணீர் வடியும் பெரிய கானுக்குள்ளிருந்து மூச்சு இறைக்கும் சத்தம் கேட்டது.

கரை சரிந்து பசு கானில் விழுந்திருந்தது. நீல நைலான் கயிறு தண்ணீருக்கடியில் எந்த வேரிலோ சிக்கி, கழுத்தை இழுத்துப் பிடித்திருந்தது. மழைத் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. சன்னாசி குதித்தார், இடுப்புக்கு மேல் தண்ணீர். இடது கையால் பசுவின் முகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் கத்தியை எடுத்தார். அவசரத்தில் வீசிய முதல் வெட்டு, கழுத்துப்பட்டையின் இரும்பு வளையத்தில் பட்டது. மயிரை மழிக்கும் கூர், ஒரே அடியில் மழுங்கிவிட்டது.

அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கியது. சேறு பிடித்த கயிற்றின் மேல் அது வெண்ணெய்க் கரண்டி மாதிரிப் போய் வந்தது. நாலாவது இழுப்பில் கை நழுவி, கத்தி தண்ணீருக்குள் போயிற்று. பாராங் என்ற பெரிய வெட்டுக்கத்தியையும் வீட்டில் விட்டு வந்திருந்தார். சின்னக் கத்தி போதும் என்ற திமிர்தான், வேறென்ன.

டிராக்டர் சத்தம் நெருங்கி வந்து நின்றது. மகேந்திரன் கரையில் நின்று எட்டிப் பார்த்தான். அவனைக் கூப்பிடுவதைவிடச் சாவதே மேல் என்று தோன்றியது. ஆனால் சாகப்போவது அவரல்ல. பசுவின் மூக்கில் தண்ணீர் ஏறி அது ஒரு முறை செருமியது.

"கத்தி வச்சிருக்கியா?" என்றார்.

"எந்தக் கத்தி? ரொட்டி வெட்டற கத்தின்னு சிரிச்சீங்களே, அதுவா?"

"இருக்கா இல்லியா?"

மகேந்திரன் கறுப்புக் கத்தியை எடுத்தான். மெதுவாகப் பிரித்தான். குனிந்து கரைப் புல்லின் மேல் வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனான். "எடுத்துக்குங்க மாமா. கையில குடுத்தா சண்டை வரும்லா."

சன்னாசிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கத்தி இருந்த இடத்துக்கும் அவர் கைக்கும் நடுவில் மூன்று முழம் இருந்தது. எட்டிப் போக வேண்டுமானால் பசுவின் முகத்தை விட வேண்டும். விட்டால் அது மூழ்கும், வயிற்றில் இருக்கும் கன்றும் போகும். இந்தப் பயல் அதைத் தெரிந்தேதான் வைத்திருக்கிறான். இருந்தாலும் மகேந்திரனின் கண் மாட்டின் மேல்தான் இருந்தது.

"கையில குடுடா," என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"ஆபத்துக்குப் பாவமில்ல. கையில குடு."

மகேந்திரன் கத்தியை எடுத்து, கானில் இறங்கி, அவர் உள்ளங்கையில் வைத்தான். தீபாவளியன்று வைத்த அதே மாதிரி. பல் கயிற்றைக் கவ்வியது. மூன்றே இழுப்பு, நைலான் நார் நாராகப் பிய்ந்து அறுந்தது. மகேந்திரன் பின்னாலிருந்து தோள் கொடுத்துத் தள்ள, பசு சரிவில் காலூன்றி, இரண்டு முறை வழுக்கி, ஒருவழியாக மேலேறி நின்றது. கழுத்தில் பல் பட்ட இடத்தில் தோல் கிழிந்து ரத்தம் கசிந்தது.

"பாரு, எப்படிக் கிழிச்சு வச்சிருக்குன்னு. என் கத்தின்னா கோடு போட்ட மாதிரி இருந்திருக்கும்," என்றார் சன்னாசி. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனிதர்.

"உங்க கத்தின்னா மாடு செத்திருக்கும்."

சன்னாசி கறுப்புக் கத்தியைக் கழுவி மடக்கினார். ஒரு கணம் யோசித்துவிட்டு, அதை டிராக்டரின் மட்கார்டு மேல் பார்த்து வைத்தார். இனியாவது முறைப்படி நடக்கட்டும், சண்டை இதோடு போகட்டும் என்றுதான்.

மகேந்திரன் அதைத் தொடவில்லை. "கையில குடுங்க மாமா."

"எதுக்குடா திரும்பவும்?"

"கத்தியால வந்த சண்டைன்னா கீழ வச்சாத் தீரும். நீங்க என்ன சொன்னீங்க அன்னிக்கு? தீட்டத் தெரியாதவனுக்குத்தான் பல்லு வச்ச கத்தி, பெத்தவன் இருந்து சொல்லிக் குடுத்திருந்தாத்தானேன்னு. எனக்கு எட்டு வயசுல செத்த மனுசன அத்தனை பேரு முன்னால பேசுனீங்க. அது உங்க வாயி. கத்தி என்ன பண்ணுச்சு?"

சன்னாசி கத்தியை எடுத்து அவன் கையில் கொடுத்தார். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அறுபத்தோரு வயது வரை பழகாத வார்த்தை, வரவில்லை. "கன்னு போட்டதும் சீம்பால் குடுத்தனுப்பறேன்," என்றார்.

"அக்காவுக்காகக் குடிப்பேன். உங்களுக்காக இல்ல."

டிராக்டர் போய்விட்டது. சன்னாசி பசுவின் கழுத்துக் காயத்தைத் தன் துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பது வருடம் தீட்டிய கத்தி கானின் அடியில் சேற்றில் கிடந்தது. அதைத் தேட அவர் இறங்கவில்லை.