கதவின் அகலம்

மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல வந்தது. அண்ணன் போன் செய்தான். "குட்டச்சி, பெட்டியைக் கட்டு. உலகமே டேபிள் டென்னிஸ் ஆட வருது. நாம போய் நிக்கலேன்னா வருத்தப்படுவாங்க."

எனக்கு நாற்பத்தெட்டு வயது. மருந்துக்கடையில் என்னை மேடம் என்கிறார்கள். குட்டச்சி என்று கூப்பிட இனி அவன் ஒருவன்தான் மிச்சம்.

சனிக்கிழமை காலை அவன் காரில் கிளம்பினோம். நாலு மணி நேரப் பயணம் ஆறு மணி நேரம் ஆனது. அண்ணன் இருபத்தேழு வருஷமாக டவுன் பஸ் ஓட்டுகிறவன். "என்னண்ணா, மாட்டு வண்டியா ஓட்டறே?" என்று கேட்டேன். "வேகமா போனா உன் பேச்சு பாதியில நின்னுடுமே" என்றான். அந்த வார்த்தையே எனக்குப் போதுமாக இருந்தது. அம்மா போன பிறகு நாங்கள் இருவர் மட்டுமாக எங்கேயும் போனதில்லை.

வழியெல்லாம் அந்தக் கதவைப் பற்றித்தான் பேசினோம். அப்பா சமையலறை வாசலைப் பெரிதாக்கியபோது கழற்றிப் போட்ட கதவு அது. அண்ணன் அதை இரண்டு தகர டிரம்களின் மேல் கிடத்தி, கிழிந்த திரைச்சீலையைக் குறுக்கே கட்டினான். ஐந்து வருஷம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதில்தான் ஆட்டம். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஒரு குழி உண்டு. பந்து அதில் விழுந்தால் எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்கும் தெரியாது. அதை மட்டும் இருவரும் சண்டையில்லாமல் மறுபடி ஆடுவோம்.

கதவு மேஜையைவிட ஒடுக்கம். எங்களுக்கு அது தெரியாது. பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில்தான் முதன்முறையாக நிஜ மேஜையைப் பார்த்தோம். கலப்பு இரட்டையர். எதிராளிப் பெண் ஓரமாக ஒரு பந்தை அடித்தாள். நாங்கள் இருவரும் மட்டையைக் கீழே இறக்கி, ஒரே குரலில் "கதவுக்கு வெளில!" என்று கத்திவிட்டு நின்றோம். பந்து மேஜையின் மேல் அழகாகக் குத்திப் போனது. ஒரு தடவை இல்லை, அன்றைக்கு ஒன்பது தடவை. கண் பார்த்தது, கை கேட்கவில்லை. தோற்று வீட்டுக்கு நடக்கும்போது சிரித்துச் சிரித்து அண்ணனுக்குப் புரையேறிவிட்டது.

ஸ்டேடியத்தில் முன்வரிசை. "உனக்காகத்தான் இவ்வளவு கிட்ட எடுத்தேன், நீதான் குட்டையாச்சே" என்றான். ஆட்டம் தொடங்கியதும் ஓரத்தில் விழுந்த ஒரு பந்துக்கு என் காதருகே "கதவுக்கு வெளில!" என்றான். நான் சிரித்த சிரிப்பில் முன்னால் நின்ற காவலாளி திரும்பிப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அன்று முழுக்க அவன் சொல்லச் சொல்ல நான் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் கவனித்தேன். ஒருவன் அடித்த பந்து வலையில் சிக்கி நின்றது. கூட்டம் 'ச்சே' என்றது. அண்ணன், "கதவுக்கு வெளில!" என்றான்.

கவனக்குறைவு என்று விட்டேன். மறுபடி நடந்தது. நடு மேஜையில் குத்திய பந்துக்கும் அதையே சொன்னான். பிறகு நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தேன். அவன் முகம் மேஜைக்கு நேராக இல்லை. கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. கூட்டம் கைதட்டிய பிறகு கைதட்டினான். கூட்டம் உச்சுக்கொட்டிய பிறகு உச்சுக்கொட்டினான்.

நான் ஒரு காரியம் செய்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. "அண்ணா, பாரேன், அவன் மட்டையை இடது கைக்கு மாத்திட்டான்" என்றேன். அப்படி யாரும் மாற்றவில்லை.

"ஆமா ஆமா, பலே ஆளு" என்றான் அண்ணன்.

அதன் பிறகு என்னால் அந்த இருக்கையில் உட்கார முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. நாளை அவன் என்னை ஏற்றிக்கொண்டு காரைத் திருப்பி ஓட்டுவான். செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு முதல் பஸ் அவனுடையது. ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவர்களும் பரீட்சைப் பிள்ளைகளும் நிற்கிற பஸ். அவ்வளவும் தெரிந்திருந்தும் அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. இன்னும் ஒரு சாயங்காலம் குட்டச்சியாக இருந்துவிட்டுப் போகலாம் என்ற ஆசை. என்னைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்ததைவிட நான் சுயநலக்காரி.

திங்கட்கிழமை காலை, லாட்ஜ் அறையில் அவன் கார் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தான். சாவி மேஜையின் மேல் அவன் கைக்கு நேராகக் கிடந்தது.

"எத்தனை நாளா அண்ணா?"

"என்னது?"

"நேத்து யாரும் கை மாத்தலை."

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். சட்டைப் பித்தானைத் திருகினான். "எட்டு மாசம் இருக்கும். ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது. நேராப் பாத்தாத்தான் நடுவுல அழிச்ச மாதிரி இருக்கு."

"டிப்போவுல கண்ணு பாப்பாங்களே?"

"அதே பழைய எழுத்து அட்டைதான். எனக்கு மனப்பாடம்." சிரிக்கப் பார்த்தான். "என் ரூட்டை நான் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன் குட்டச்சி."

"அதைத்தான் இப்ப செஞ்சிட்டிருக்கே."

சுளீரென்று பட்டிருக்க வேண்டும். "மருந்துக்கடையில நாலு மாத்திரை எடுத்துக் குடுத்தா டாக்டர் ஆயிடுவியா நீ?" என்று எகிறினான். "ரிட்டயர் ஆக இன்னும் மூணு வருஷம். ஒரு கீறல் இல்லாம இறங்கிடுவேன். உங்க அண்ணிக்குக்கூட சொல்லலை. நீ வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு."

"நான் யார்கிட்டயும் சொல்லலை. நீ சொல்லு."

"சொல்லலேன்னா?"

"நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு உன் பஸ்ல முதல் சீட்டுல நான் உட்கார்ந்திருப்பேன். அப்புறம் தினமும்."

அவன் என்னைப் பார்த்தான். பார்த்தது என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ. அப்படிப் பார்த்தால்தான் என் முகம் அவனுக்குத் தெரியும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"ராங்கி" என்றான். குரல் இறங்கியிருந்தது. "பந்தைக் கடைசியா ஒரு தடவை நல்லாப் பாத்துடணும்னுதான் வந்தேன். கிட்டப் போனா தெரியும்னு நினைச்சேன். ஒண்ணுமே தெரியலை. சத்தம் மட்டும் அப்படியே இருக்கு."

இறுதி ஆட்டத்துக்கு நடந்தே போனோம். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கார் லாட்ஜிலேயே நிற்கட்டும், அவன் மகன் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று முடிவு. "அவன்கிட்ட என்ன காரணம் சொல்ல?" என்றான். "உள்ளதை" என்றேன். டிப்போவைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. "சும்மா உட்கார்ந்திருக்கியே, சொல்லேன்" என்றான். நான் சொல்ல ஆரம்பித்தேன். உயரமானவன் சர்வீஸ். வலது ஓரம். இடது. வலையை உரசி இந்தப் பக்கம் விழுந்துடுச்சு. சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பந்து போயிருக்கும். அவன், "மெதுவா, மெதுவா, மாட்டு வண்டி போதும்" என்றான்.

மூன்றாவது செட் முடிந்த இடைவேளையில் போனை என்னிடம் நீட்டினான். "டிப்போ மானேஜர் நம்பரைப் போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தேன். எழுந்து போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசினான். மறுமுனையில் மானேஜர் ஏதோ கிண்டல் செய்திருக்க வேண்டும்.

"லீவை நீட்டிக்கக் கூப்பிடலை சார்" என்றான் அண்ணன். "நாளைக்கு முதல் வண்டிக்கு வேற ஆளைப் போட்டுடுங்க. எனக்குக் கண்ணு தெரியலை." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். "இல்ல சார், நாளைக்கு மட்டும் இல்ல."

போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். பை எது என்று கண்டுபிடிக்க இரண்டு தடவை தடவினான். நான் உதவவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் வீரர்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

"எந்தப் பக்கம் யார் நிக்கறா?" என்று கேட்டான்.